பயங்கரவாதத்துக்குப் பதில்: போர்க்கப்பலா, புலனாய்வா, பேச்சுவார்த்தையா?

கடலோரன், முட்டம் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் சின்னமுட்டம் துறைமுகத்தில் சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடைபெற்றது. பயங்கரவாதிகளாக வேடமிட்ட காவலர்கள் மீன்பிடிப் படகில் வந்து கரையேற முயல்வதும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் அவர்களைத் துரத்திப் பிடிப்பதும் நம் மாவட்டத்துக்கு நன்கு பழகிப்போன காட்சிதான். அன்று என் மைத்துனரின் விசைப்படகு மூன்று இடங்களில் நிறுத்தப்பட்டது. மூன்று இடத்திலும் அதே பதிவுச் சான்று, அதே அடையாள அட்டைகள், அதே கேள்விகள். மூன்றாவது சோதனை முடிந்தபோது பெட்டியில் இருந்த ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. "இவர்கள் யாரைத் தேடுகிறார்கள்?" என்று இரவு உணவின்போது அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த இழைக்குக் காரணம்.

2008 நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்ட பத்துப் பேர், குஜராத் மீன்பிடிப் படகான குபேரைக் கடலில் கைப்பற்றி, அதன் தண்டேலையும் (படகுத் தலைவரையும்) கொன்றுவிட்டு மும்பைக்கு வந்தனர். அத்தாக்குதலில் 166 பேர் இறந்தனர். அதன்பின் தேசியப் புலனாய்வு முகமை பிறந்தது. கடலோரப் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு 2009இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. மீனவர்களுக்கு உயிரளவை அடையாள அட்டைகளும் படகுகளுக்கு நிறக் குறியீடும் வந்தன. இவை எதையும் நான் தேவையற்றவை என்று சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேரும் ரப்பர் படகில் கஃப் பரேடு மீனவர் குடியிருப்பில் இறங்கியபோது, "யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று முதன்முதலில் கேட்டவர்கள் அங்கிருந்த மீனவர்களே என்பதை நாம் மறந்துவிட்டோம். அன்று சந்தேகப்பட்டவர்கள் இன்று சந்தேகிக்கப்படுபவர்களாகிவிட்டனர்.

உலக அளவிலும் இதே திசைமாற்றம் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். 2001 செப்டம்பர் தாக்குதலில் 2,977 பேர் இறந்ததற்குப் பதிலாக அக்டோபர் 7ஆம் நாள் தொடங்கிய ஆப்கானியப் போர் இருபது ஆண்டுகள் நீடித்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று எந்தத் தாலிபானை அகற்றப் போனார்களோ அதே தாலிபான் காபூலுக்குத் திரும்பியது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003இல் ஈராக்கில் நுழைந்தவர்கள் அவ்வாயுதங்களைக் காணவில்லை. ஆனால் அந்நாட்டு ராணுவத்தைக் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோரைச் சம்பளமின்றித் தெருவில் விட்டனர். அவர்களில் சில அதிகாரிகள் பின்னர் ஐ.எஸ். அமைப்பின் படைத்தலைமையில் அமர்ந்தனர். படை அனுப்புவதுதான் பதில் என்று இன்னமும் நம்புகிறவர்கள் தங்கள் காரணங்களைச் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய மாலுமி, தக்கலை

கடற்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், கடலோரன் தம்பியின் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பயங்கரவாத அமைப்பு ஒன்றுக்குப் பயிற்சிக்களமும் பாதுகாப்பான நிலப்பரப்பும் கிடைத்துவிட்டால் அதைப் புலனாய்வு அதிகாரிகள் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் மூடிவிட முடியாது. 2014 ஜூனில் மொசூலைக் கைப்பற்றிக் கிலாபத்தை அறிவித்தவர்களை அந்நகரிலிருந்து வெளியேற்ற 2017 ஜூலை வரை தெருத்தெருவாகப் போரிட வேண்டியிருந்தது. எந்த நீதிமன்ற ஆணை அதைச் செய்திருக்கும்? ஒசாமா பின் லாதினை 2011 மே மாதம் அபோட்டாபாத்தில் கண்டுபிடித்தது உளவுத்துறை என்றாலும், உள்ளே போனது படைதான்.

கடலிலும் அப்படியே. கொள்ளையும் பயங்கரவாதமும் வேறு வேறு என்பதை அறிவேன். ஆயினும் ஆயுதமேந்தியவனைக் கடலில் எதிர்கொள்ளும் முறை ஒன்றுதான். 2024 மார்ச்சில் ரூயென் என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து ஐ.என்.எஸ். கொல்கத்தா மீட்டபோது, வானூர்தியிலிருந்து கமாண்டோக்கள் கடலில் குதித்தனர். 35 கொள்ளையர் சரணடைந்தனர். 17 பணியாளர்களும் உயிருடன் மீட்கப்பட்டனர். அக்கொள்ளையரைச் சுட்டுத் தள்ளவில்லை, மும்பைக்குக் கொண்டுவந்து 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தினர். படை இருந்ததால்தான் நீதிமன்றத்துக்கு வேலை வந்தது.

ஐஸ் உருகியது வருத்தம்தான். ஆனால் குபேர் படகின் தண்டேலும் ஒரு மீனவர்தாமே?

தூத்தூர் துணைவன்

மாலுமி ஐயாவுக்கு வணக்கம். ரூயென் மீட்பைச் சொன்னவர், 2008 நவம்பர் 18 அன்று ஏடன் வளைகுடாவில் நடந்ததையும் சொல்லியிருக்கலாம். கொள்ளையரின் தாய்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்ததாக நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். தபார் அறிவித்தது; நாடே பாராட்டியது. சில நாட்கள் கழித்துத்தான் அது தாய்லாந்து நிறுவனம் ஒன்றின் மீன்பிடிக் கப்பல் என்றும், கொள்ளையர் கைப்பற்றியிருந்த அதில் பணியாளர்கள் கட்டுண்டு கிடந்தனர் என்றும் தெரியவந்தது. கடலில் மிதந்துகொண்டிருந்த கம்போடியர் ஒருவர் மட்டும் மீட்கப்பட்டார். கொள்ளையர் முதலில் சுட்டதால்தான் திருப்பிச் சுட்டோம் என்று கடற்படை சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணியாளர்களும் எங்களைப் போல மீன் பிடிக்கப் போனவர்கள்தாம்.

எங்கள் ஊர்களுக்கு இது தொலைவில் நடந்த கதை அன்று. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், எங்கள் பகுதியைச் சேர்ந்தவரின் செயின்ட் ஆன்டனி படகை நோக்கி, என்ரிகா லெக்சி என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டனர். இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் எங்கள் மாவட்டத்து இளைஞர். கொள்ளையர் என்று நினைத்தோம் என்றனர்.

ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதைக் கரையில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் தொழிலில் வலையோ தூண்டில் கயிறோ கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும். பெரிய கப்பல் ஒன்று அதன் மேல் ஏறி வருவது தெரிந்தால், நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று: படகை முடுக்கிக் கப்பலை நோக்கி ஓட்டி, விளக்கை ஆட்டி, கூச்சலிட்டுத் திசை மாற்றச் சொல்வோம். வலையை இழந்தால் பல லட்சம் போய்விடும். கப்பலின் மேல்தட்டில் துப்பாக்கியுடன் நிற்பவனுக்கோ, சிறிய படகு ஒன்று வேகமாக நெருங்கி வருகிறது, ஆட்கள் கையை வீசுகிறார்கள் என்று மட்டுமே தெரியும். கொள்ளையனும் அப்படித்தான் வருவான். எங்கள் எச்சரிக்கை அவனுக்குத் தாக்குதலாகத் தெரிகிறது.

நீதிமன்ற வாசல், நாகர்கோவில்

துணைவன் குறிப்பிட்ட வழக்கில் சட்டம் சென்ற பாதை இந்த இழைக்கு மிகவும் பொருத்தமானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1985இல் பாலஸ்தீன ஆயுதக்குழுவினர் அகில்லே லாரோ என்ற பயணிகள் கப்பலைக் கடத்தி, சக்கர நாற்காலியில் இருந்த அமெரிக்கர் ஒருவரைக் கொன்றனர். அது இத்தாலியக் கப்பல். கடலில் நடக்கும் பயங்கரவாதத்தைத் தண்டிக்கச் சர்வதேசச் சட்டத்தில் இடைவெளி இருப்பதை உணர்ந்த நாடுகள், இத்தாலியின் முன்முயற்சியும் சேர, 1988இல் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதைச் செயற்படுத்த இந்தியா 2002இல் இயற்றிய சட்டம் சுருக்கமாக எஸ்.யு.ஏ. எனப்படுகிறது. என்ரிகா லெக்சி வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்றபோது, இத்தாலிய வீரர்கள்மீது பயன்படுத்தப் பார்த்தது இதே சட்டத்தைத்தான். இத்தாலியும் ஐரோப்பிய ஒன்றியமும் கொதித்தெழுந்தன. எங்கள் வீரர்கள் பயங்கரவாதிகளா என்பது அவர்களின் வாதம். 2014 பிப்ரவரியில் இந்திய அரசு அச்சட்டத்தைக் கைவிட்டது. தங்கள் தலைநகரில் பிறந்த உடன்படிக்கை தங்கள் வீரர்கள்மீதே பாய வந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பின்னர் வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. வீரர்களுக்கு அரசு அலுவலர் என்ற விலக்குரிமை உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் தீர்ப்பு வந்தது. பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்டதும் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்குள்ள வழக்கை முடித்துவைத்தது.

உணர்ச்சியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அச்சட்டத்தை அங்கே பயன்படுத்தியது தவறு என்றே ஒரு வழக்கறிஞராக நான் கருதுகிறேன். அது கொலை வழக்கு. கவனக்குறைவா, நோக்கமா என்று விசாரித்திருக்க வேண்டிய வழக்கு. பயங்கரவாதம் என்ற சொல்லை அதில் ஏற்றியதால் இரண்டாண்டுகள் வீணாயின. இதே பாடத்தை நாம் முன்பே படித்திருக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா (அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அக்கொலை தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று கூறி, 19 பேரை விடுவித்தது. நாட்டின் முன்னாள் பிரதமரைத் தற்கொலைக் குண்டு கொன்ற வழக்கிலேயே அச்சொல்லின் எல்லை இவ்வளவு தகராறானது என்றால், ஐக்கிய நாடுகள் அவையில் 1996இல் இந்தியா முன்வைத்த பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை வரைவு இன்றுவரை நிறைவேறாமல் கிடப்பதில் வியப்பில்லை. விடுதலைப் போராட்டம் எங்கே முடிகிறது, அரசுப் படையின் செயல் எங்கே தொடங்குகிறது என்ற இடத்தில்தான் அது சிக்கி நிற்கிறது.

எல்லைவாசி, களியக்காவிளை

வரையறைகளை அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். 2020 ஜனவரி 8 இரவு எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை கடைகள் திறக்கவில்லை. சாலையில் நின்று பேசியவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆறே நாளில் குற்றவாளிகள் எனக் கருதப்பட்ட இருவரும் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். கண்காணிப்புக் கேமராப் பதிவும், மூன்று மாநிலக் காவல்துறையினரின் ஒத்துழைப்பும் அதைச் செய்தன. வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்குச் சென்றது. எங்கள் ஊரில் எந்த மதத்தவரின் வீட்டின் மீதும் ஒரு கல்கூட விழவில்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

பழைய மாலுமி, தக்கலை

எல்லைவாசி சொன்னது சரி. உள்நாட்டில் காவல்துறையே முதல் பதில். தபார் விவகாரத்தில் துணைவன் சொன்னதையும் மறுக்கப் போவதில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கப்பலின் உணவுக்கூடத்தில் யாரும் பேசவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது: எல்லைக்கு அப்பால் அரசின் ஆதரவோடு இயங்கும் அமைப்பை எப்படிக் கையாள்வது? பகல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேரைக் கொன்றவர்களை அனுப்பியவர்களுக்கு அழைப்பாணை அனுப்புவதா?

நீதிமன்ற வாசல், நாகர்கோவில்

ஐயா, அழைப்பாணையைக் கேலி செய்ய வேண்டாம். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா படை அனுப்பவில்லை, ஆதாரங்களைத் திரட்டியது. உயிருடன் பிடிபட்ட கசாபுக்கு வழக்கறிஞரை அமர்த்தி, வெளிப்படையான விசாரணை நடத்தி, உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீட்டுக்கு இடமளித்து, நான்கே ஆண்டில் வழக்கை முடித்தோம். அதே வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர் இருவர் ஆதாரம் போதாமல் விடுதலையாயினர். என் பார்வையில் அந்த விசாரணைக்குப் பெருமை சேர்த்தது அந்த விடுதலைதான். அமெரிக்காவிலோ 2002 ஜனவரியிலிருந்து குவாண்டனாமோவில் ஏறத்தாழ 780 பேரை அடைத்தார்கள். செப்டம்பர் தாக்குதலின் சூத்திரதாரி எனப்படுபவர் 2003இல் பிடிபட்டும், அவருடைய விசாரணை இருபதாண்டு கடந்தும் முடிந்தபாடில்லை. சித்திரவதையால் கறைபட்ட சாட்சியத்தை வைத்துக்கொண்டு தடுமாறினார்கள். மும்பைத் தாக்குதல் சதியில் குற்றஞ்சாட்டப்பட்ட தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டதும் பதினாறு ஆண்டுக் கோப்பு வேலையின் பயன்தான்.

பணத்தின் வழியையும் மறக்க வேண்டாம். 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை பாகிஸ்தான், பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில், இருந்தது. அந்தக் காலத்தில்தான், மும்பைத் தாக்குதலின் சூத்திரதாரி எனப்படும் ஹஃபீஸ் சயீதுக்கு அங்குள்ள நீதிமன்றமே, பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டிய குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை விதித்தது. குண்டு போட்டுப் பெற முடியாத ஒன்றை வங்கிக் கட்டுப்பாடு பெற்றுத் தந்தது.

பழைய மாலுமி, தக்கலை

பட்டியலிலிருந்து நீங்கிய மூன்றாண்டுக்குள் பகல்காம் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடலோரன், முட்டம்

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. எனினும் மறுபக்கத்தையும் பாருங்கள். 2016இல் உரித் தாக்குதலுக்குப் பின் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து சென்று வந்தோம். 2019இல் புல்வாமாவுக்குப் பின் பாலகோட் வரை விமானம் சென்றது. 2025 மே 7 அன்று ஒன்பது இடங்களில் தாக்கினோம், அதன்பின் நான்கு நாட்கள் இரு அணு ஆயுத நாடுகளும் டிரோன்களையும் ஏவுகணைகளையும் வீசிக்கொண்டன. ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடப் பெரிது. ஆயினும் அடுத்த தாக்குதல் வரவே செய்தது. அடுத்த படி என்ன என்பதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்றே சொல்கிறேன்.

செவிலி, மார்த்தாண்டம்

வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டுத் திரும்பியவள் நான். 2014 ஜூனில் திக்ரித் மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர்கள் ஐ.எஸ். பிடியில் சிக்கியிருந்தபோது, எங்கள் விடுதியில் இரவெல்லாம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கேரளப் பெண்கள். படிப்புக்கு வாங்கிய கடன் தீராமல் ஊருக்குத் திரும்பத் தயங்கி இருந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கணக்கு எங்களில் யாருக்குத்தான் தெரியாது? ஜூலை 4 அன்று அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. திரைக்குப் பின்னால் யார் யாருடன் பேசினார்கள் என்பதை அரசு வெளியிடவும் இல்லை.

அதே ஜூனில் மொசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்களுக்கு எந்தப் பேச்சும் உதவவில்லை. அவர்கள் கொல்லப்பட்டுவிட்டனர் என்பதை 2018 மார்ச்சில்தான் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்த நான்காண்டுகளும் அக்குடும்பங்கள் காத்திருந்தன. பேச்சுவார்த்தையும் எல்லா நேரமும் வெல்லாது. ஆனால் அந்நிய நாட்டில் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, அரசு எந்தக் கதவையும் முழுதாக அடைத்துவிடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

தூத்தூர் துணைவன்

இன்னொன்றையும் இங்கே எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. மும்பைத் தாக்குதல்காரர்கள் விட்டுச் சென்ற குபேர் படகில் துரையா செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று கிடைத்தது. அதன் பின்னர் அத்தகைய தொலைபேசிகள்மீது கடும் கட்டுப்பாடு வந்தது. அனுமதியின்றி வைத்திருந்தால் கைதுதான். பாதுகாப்பு நோக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் நூற்றுக்கணக்கான கடல் மைலுக்கு அப்பால் இருந்தனர். கையில் இருந்த வயர்லெஸ் கருவி சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. "புயல் வருகிறது, திரும்பி வா" என்று சொல்லக் கரையில் ஆள் இருந்தும் வழி இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் எப்படிக் கழிந்தது என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

பயங்கரவாதியின் கைக்குப் போகக் கூடாது என்று மீனவனின் கையிலிருந்து பறித்த கருவிக்கு மாற்றாக வேறொன்றை அன்றே கொடுத்திருக்க வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இப்போதுதான் படகுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அதுவும் எங்களைக் கண்காணிக்கவா, காப்பாற்றவா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

பழைய மாலுமி, தக்கலை

இரண்டுக்கும்தான், தம்பி. ஆனால் துணைவன் சொன்ன அந்த ஒன்பது ஆண்டு இடைவெளிக்கு என்னிடம் பதில் இல்லை. சீருடையில் இருந்தபோது அந்தத் தடையை ஒரு பாதுகாப்பு விதியாக மட்டுமே படித்தேன்.

கடலோரனிடம் ஒரு கேள்வி: அன்றைய ஒத்திகையில் வேடமிட்டவர்கள் கரையேறினார்களா, பிடிபட்டார்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

கடலோரன், முட்டம்

பிடிபட்டார்கள், ஐயா. இருவர் கைலியும் பழைய சட்டையுமாக நாட்டுப்படகில் வந்து, ஏலக்கூடத்துக்கு அருகில் படகைக் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டு சோதனைகளிலும் அவர்களுடைய அட்டை செல்லுபடியானது. ஏலக்கூடத்தில் மீன் எடுக்க உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர்தான் படகு கட்டப்பட்டிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது யார் கட்டிய முடிச்சு? செருப்பு வாரைக் கட்டியது போல இருக்கிறதே" என்று சத்தம் போட்டார். பக்கத்துப் படகிலிருந்த நால்வர் எழுந்து வந்து அவர்களை வழிமறித்து நிறுத்திக்கொண்டனர். அதன் பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள். பெட்டிக்குள் மணல் நிரப்பிய பொட்டலங்கள் இருந்தன. மறுநாள் செய்தித்தாளில் காவலர்கள் மடக்கிப் பிடித்ததாகப் போட்டிருந்தார்கள்; அந்த அக்காவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.